படுகளத்து மண்

என்னைக் கட்டிக்கொடுத்த ஊரில் யார் வீட்டுக்கும் தனியாகக் களம் கிடையாது. தேவையும் இல்லை. ஊருக்கு மேற்கே, வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்காகப் போட்ட ஏரோப்ளேன் ரன்வே ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. சண்டை முடிந்து பட்டாளம் போய்விட்டது, சிமெண்டுத் தரை தங்கிவிட்டது. மொத்த ஊரும் அதில்தான் நிலக்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, காயப்போடும், கேப்பை அடிக்கும், மிளகாய் பரப்பும். அறுப்புக் காலத்தில் அது பெரிய கல்யாண வீட்டு முற்றம் போல இருக்கும். மற்ற நாளில் அங்கே தனியாகப் போக எனக்குப் பிடிக்காது.

நான் திண்டிவனத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். கண்டக்டர்கள் கத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் விழுப்புரம் போகிற வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடக்கவேண்டிய ஊரில் விட்டால் எப்படி இருக்கும்? அந்த ரன்வேயின் இரண்டு பக்கமும் மரம் என்று ஒன்று கிடையாது. முள் கூட இல்லை. கறுப்பும் பழுப்புமாக மண் மட்டும் கிடக்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இங்க இன்னாங்க, ஒரு மரங்கூட இல்ல?"

"வெச்சா வர்றதில்ல" என்றார். அதற்கு மேல் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்தச் சத்தம். உச்சி வெயிலில் மல்லாட்டை கிளறிக்கொண்டிருக்கும்போது தரைக்கு அடியிலிருந்து 'டொம்' என்று கேட்கும். கொஞ்ச நேரம் பொறுத்து வேறு பக்கத்திலிருந்து இன்னொரு 'டொம்'. பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ முழங்கையால் இடிப்பது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த கிளறு பலகையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் மாமியார் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாவகாசமாக நின்றிருந்தார்.

"செத்த பட்டாளத்தான் பொரண்டு படுக்கறான். அவன் பாட்டுக்குப் படுக்கட்டும், நீ ஒன் வேலையப் பாரு" என்றார். சாயங்காலம் வெயில் இறங்கும்போதும் அதே சத்தம் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது கோயில் மணி மாதிரி பழகிப்போயிருந்தது. சத்தம் வராத மழைநாளில்தான் "இன்னா, இன்னிக்கு ஆளையே காணோம்?" என்று கேட்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அம்மன் கோயில் திருவிழாவுக்கு இடம் இல்லாமல் போயிற்று. வழக்கமாகப் படுகளம் போடும் ஏரிக்கரை மேட்டில் புதுப் பள்ளிக்கூடம் எழும்பியிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, ரன்வே ஓரத்து வெற்றிடத்தில் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அங்கேதான் வெறுமைக்குப் பஞ்சமில்லையே.

படுகளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் நாள் கணக்கில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில், போரில் விழப்போகிற அரசனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கு இருப்பான். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ராஜா என்றுதான் சொல்வார்கள். கூத்துக்காரர் வந்து அவன் தொடையில் அடிப்பார், அம்மன் வேஷம் கட்டியவர் அவிழ்ந்த கூந்தலை முடிவார். அதோடு ராஜா செத்தான். அடுத்த நிமிஷம் சனம் மொத்தமும் பாய்ந்து அவன் உடம்பைப் பிய்க்கும். அந்த மண் வீட்டில் இருந்தால் விதை கெடாது, குழந்தை தங்கும், காத்து கருப்பு அண்டாது. பிடி மண்ணுக்காகச் சம்பந்திகள் முடியைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ராஜாவைச் செய்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏரிக்கரை மண் வெயிலில் வெடிக்கும், மூக்கு உதிரும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்த மண் வெடிக்கவே இல்லை. "வெண்ண மாதிரி வருதுப்பா" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொன்னார். ராஜா எண்ணெய் பூசிய உடம்போடு கறுத்துப் பளபளவென்று கிடந்தான். பெரிய கண்ணை வரைந்து, மீசை வைத்து, மாலை போட்டார்கள். அவனைச் சுற்றிப் பொரியும் பழமும் இறைந்து கிடந்தன, ஒரு காக்காய் வரவில்லை. ஓர் எறும்பு ஊரவில்லை. அதை நான் சொன்னதற்கு மாமியார், "சாமிக்கு முன்னாடி காக்கா இன்னாத்துக்கு வரும்?" என்றார். ஏரிக்கரையில் வந்த காக்காய்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை போலிருக்கிறது.

எனக்கு அவன் மேல் அடித்த வாசனைதான் வித்தியாசமாக இருந்தது. தெரிந்த வாசனை, ஆனால் இடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலையில் முதல் பஸ்ஸை ஸ்டார்ட் செய்யும்போது எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வருமே, அது.

அன்று சாயங்காலம் பக்கத்திலேயே தீக்குழி வெட்டித் தீமிதி நடந்தது. எல்லாரும் நல்லபடியாக இறங்கி ஏறினார்கள். மறுநாள் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றிக் குழியைக் குளிரவைப்பது வழக்கம். ஊற்றினார்கள். குழி குளிரவில்லை. மேலே சாம்பல்தான், நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் குழிக்கு மேலே காற்று நெளிந்துகொண்டே இருந்தது. அந்த வழியாகப் போன ஆடு ஒன்று துள்ளிக் கத்திக்கொண்டு ஓடியது, அதன் குளம்பு வெந்திருந்தது. நாள் கணக்காக, பிறகு மாதக் கணக்காக அப்படியே இருந்தது. நெருப்பு மண்ணுக்கு அடியில் மெதுவாக நகர்ந்து, குழிக்கு வெளியே வேறு இடத்தில் புகைந்தது.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனுக்குப் போக மனசில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள். மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நானும் கும்பிட்டேன். கும்பிடும்போது கால் சுட்டது, செருப்பைக் கழற்றியதற்காக வருத்தப்பட்டேன்.

என் மாமியார் ராஜாவின் மார்பிலிருந்து ஒரு பெரிய கட்டியையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. மஞ்சள் துணியில் முடிந்து, பித்தளைச் செம்பில் போட்டு, சாமி அலமாரியில் வைத்தார். "வர்ற வருஷம் இந்த வூட்ல தூளி கட்டணும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் அவசரம்.

அவர் சொன்னது பலித்தது. அடுத்த மாதமே நான் முழுகாமல் இருந்தேன். மாமியார் செம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மசக்கை என்னைப் பாடாய்ப் படுத்தியது. சோற்று ஆவி ஆகாது, தாளிப்பு ஆகாது, என் வீட்டுக்காரர் பீடி குடித்துவிட்டு வாசலில் நின்றாலே குமட்டும். சிலருக்குச் சாம்பல் கேட்கும், சிலருக்கு விபூதி கேட்கும். எனக்கு அந்தச் செம்பு கேட்டது.

முதலில் துணியை மோந்து பார்ப்பதோடு நிறுத்தினேன். மோந்ததும் குமட்டல் அடங்கிவிடும். பிறகு ஒரு நாள் கிள்ளி நாக்கில் வைத்தேன். சில்லென்று இருந்தது, வழவழவென்று இறங்கியது, தொண்டையில் ஒரு காரம் நின்றது. அன்றைக்குத்தான் வாரக்கணக்கில் கழித்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அப்புறம் தினமும் மாமியார் ரன்வேக்குப் போனதும் செம்பைத் திறப்பேன். சாமி மண்தானே, பிள்ளைக்கு நல்லதுதானே என்று இருந்தேன். கொஞ்ச நாளில் என் வேர்வையில் அந்த வாசனை வர ஆரம்பித்தது. "ஒம் மேல இன்னாடி மண்ணெண்ண நாத்தம்?" என்று மாமியார் கேட்டார். ஸ்டவ் பற்றவைத்தேன் என்றேன்.

ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து ஜீப் வந்தது. அம்மன் உட்கார்ந்த சேதி எப்படியோ மேலே எட்டியிருக்கிறது. ஏற்கெனவே அந்த நிலத்தைச் சர்க்கார் விதைப்பண்ணைக்கு எடுப்பதாகப் பேச்சு. இறங்கியவர் இளவயசு ஆபீசர், ரொம்ப சாது. வந்தவர் புகைகிற மண்ணை ஒரு தடவை மோந்தார், முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தை விலகி நிற்கச் சொன்னார். யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

புகைச்சலை முதலில் ஈர மண் கொட்டி அமுக்கினார்கள். பிறகு தோண்டினார்கள். ரன்வே ஓரம் நெடுக இரும்பு டிரம்கள் படுத்திருந்தன. ஏரோப்ளேனுக்கு ஊற்றக் கொண்டுவந்த பெட்ரோல். போகிற அவசரத்தில் பட்டாளம் அத்தனையையும் புதைத்துவிட்டுப் போயிருக்கிறது. பாதி துருப்பிடித்து ஒழுகிவிட்டது, மீதி வெயிலுக்கு உப்பியும் சாயங்காலம் சுருங்கியும் இத்தனை வருஷம் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. செத்த பட்டாளத்தான் அகப்பட்டான். மாமியார் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவன் வேற, இது வேற" என்று சொல்லிவிட்டார்.

ஆபீசர் வீடு வீடாக வந்தார். ராஜா மண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும், விஷம், குழந்தைகள் கை படக்கூடாது என்றார். பின்னால் ஒரு ஆள் வாளியோடு வந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன்.

"வாயில போட்டா இன்னா சார் ஆவும்?"

"மண்ணை யாரும்மா வாயில போடுவாங்க?" என்று சிரித்தார். சிரித்தபடியே திரும்பினவர் என் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எதையோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் மாமியார் மஞ்சள் முடிச்சோடு வந்து வாளியில் போட்டார். ஆபீசர் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மாமியார் வாளியில் போட்டதோ, வேறொரு மஞ்சள் துணியில் முடிந்த கொல்லைப்புறத்து மண். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ராஜாவை யாராவது மெட்ராஸ்காரனிடம் தூக்கிக் கொடுப்பார்களா? அந்த நல்ல மனுஷர் ஊர்க் கொல்லை மண்ணையெல்லாம் பத்திரமாகச் சேகரித்துக்கொண்டு போனார்.

அந்த நாளிலிருந்து செம்பை நான் தொடவில்லை. தொடவில்லையே தவிர, அது அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் எங்கே நின்றாலும் தெரியும். பிள்ளை அசைய ஆரம்பித்தது. எடுக்காத டிரம்கள் இன்னும் மண்ணுக்கடியில் கிடந்தன. உச்சி வெயிலில் தூரத்தில் 'டொம்' என்று கேட்கும், உள்ளே பிள்ளை உதைக்கும். தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதே நேரத்துக்கு உதைத்தது. சாயங்காலம் சத்தம் கேட்டபோதும் உதைத்தது. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் உதைத்தது. இந்த உலகத்தில் நான் அவ்வளவு பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பயம் தாங்காமல் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து, விரலை மோந்து பார்த்தார்.

அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரறிந்த மூக்கு அது. காயும் மல்லாட்டையை ஒரு பிடி அள்ளி மோந்தே, செக்குக்குப் போகலாமா, இன்னொரு வெயில் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். அடுத்த தெருவில் யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் காரப்பொடி என்பதெல்லாம் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வார். பெண் பார்க்க வந்தபோது என் அம்மா பழைய நெய்யில் கேசரி கிளறியதைக்கூடக் கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னார். அதுவரை அடக்கி வைத்தாரே என்று எனக்கு மரியாதை.

கெட்டுப்போன மண்ணை என்ன செய்வது என்பதற்கு ஆபீசர் ஒரு வழி வைத்திருந்தார். ரன்வே மேல் மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறி, வெயிலில் காயவிடுவது. பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். ஈயம் நிறைய இருக்கிற கரி மண்ணைத் தனியாகத் தொட்டி கட்டிப் பூட்டுவது. காயப்போடுவதும் கிளறுவதும் எங்கள் ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என் வீட்டுக்காரர் டிராக்டரில் மண் அடித்தார். கூலிக்கு வந்தவர்களும் அவருமாகச் சேர்ந்து, மல்லாட்டை கிளறுகிற அதே பலகையால், அதே மாதிரி வெறுங்காலை இழுத்து இழுத்துச் சால் போட்டபடி, விஷத்தைக் காயவைத்தார்கள். ஆபீசர் பூட்ஸ் கொடுத்தார், கையுறை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் காய்ந்ததா இல்லையா என்று காலுக்குத் தெரியவில்லையாம். எல்லாரும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

மண் பாட்டிலை மெட்ராஸுக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கு ஆகிறது. அதுவரை ஆபீசர் பார்த்தார், இந்த ஆள் மூக்கு இருக்கிறதே! ஒவ்வொரு பாத்தியாக இவர் குனிந்து ஒரு பிடி அள்ளி, மூக்கருகில் வைத்து, "இன்னும் ஒரு வெயிலு வோணும் சார்" என்பார். இன்னொன்றில் "இது போயிடுச்சி சார், எட்துடலாம்" என்பார். எடுத்து நிலத்தில் கொட்டி நிரவுவார்கள். நாள் முழுக்க அந்த ஆவியில் நின்றார். வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும், தலை வலிக்கிறது என்பார். நான் பக்கத்தில் போக மாட்டேன். வெறுப்பால் இல்லை. அவர் சட்டையிலிருந்து வந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறும். அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு நாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. வீடே புகைந்தது. மாமியார் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். இவர் மட்டும் பேசாமல் பிசைந்து சாப்பிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். மறுநாள் இன்னொரு கை சாதம் கூடவே போட்டேன்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் வந்தார். கையில் அந்த மஞ்சள் துணி முடிச்சு. எனக்கே தெரியாமல் செம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ரன்வே ஓரத்தில் ஒரு சாக்கில் தனியாகப் பரப்பி வெயிலில் காயவைத்திருக்கிறார்.

"இனிமே பயப்படாத. சுத்தமா போயிடுச்சி. அம்மா கேட்டா வம்பு, எட்த்த எடத்துலயே வெச்சிடு" என்று என் கையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்த வேகத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, வாய் நிறைய எச்சில் ஊறியது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. ராஜா படுத்துக்கிடந்த காலையில் அடித்த அதே வாசனை.

"இன்னாங்க இது? அப்படியே இருக்குதே!"

"ஒனக்கு மசக்கைல தோணுது."

"மசக்க எப்பவோ போச்சு. நல்லா மோந்து பாருங்க."

துணியை மூக்கோடு அழுத்திக்கொண்டு இழுத்தார். மறுபடி இழுத்தார். "ஒண்ணும் இல்ல புள்ள. வெறும் மண்ணு" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து மூடிக்கொண்டார். அடுக்களைக்குப் போய்ப் பெருங்காயக் கட்டியை எடுத்துவந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். டப்பாவை மூடி வைத்தாலே எங்கே இருக்கிறது என்று சொல்கிற ஆள். அந்த மூக்கு அகல விரிந்து மூச்சை இழுத்தது, விட்டது, இழுத்தது.

"ஜல்தியா வையேன். வெறுங்கைய நீட்டிக்கினு நிக்கற, எனக்குத் தெரியாதா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவராகக் கண்ணைத் திறந்தார். என் விரல்களுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்தார். வாங்கி மூக்கில் தேய்த்துக்கொண்டார். பிறகு அதை உடைத்து வாயில் போட்டு மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. வெளியே வெயிலில் எங்கோ 'டொம்' என்றது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

மிச்சக் கட்டியை என் கையில் திருப்பி வைத்தார். "வாசன மண்ணுல போச்சுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். எத்தினி பாத்தி எட்துட்டேன்... கெணத்தாண்ட கூடக் கொட்டியாச்சு புள்ள."

அன்றைக்கே போய் ஆபீசரிடம் சொல்லிவிட்டார். ஊருக்கு முன்னால் மானம் போகுமே என்று யோசிக்கவில்லை, அந்த ஒன்றுக்காகவே நான் அவரோடு ஆயுசுக்கும் வாழலாம். ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அவருடைய தப்புதான், மனுஷன் மூக்கை யாராவது மீட்டராக வைப்பார்களா? கிணற்றங்கரையில் கொட்டிய மண்ணையெல்லாம் திருப்பித் தோண்டினார்கள். இந்தத் தடவை மெட்ராஸ் பதில் வரும்வரை ஒரு கூடை மண்ணைக்கூட யாரும் எடுக்கவில்லை. கிளறியவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு மூக்கு மந்தமாகியிருந்தது. அதற்கப்புறம்தான் எல்லார் காலிலும் பூட்ஸ் ஏறியது.

பெண்களும் பயந்துபோனார்கள். ஒருத்தி சாமி அலமாரியிலிருந்து மண்ணை எடுத்துவந்து போட்டாள், அடுத்தவள் பார்த்தாள், அவளும் கொண்டுவந்தாள். ஆபீசருக்கு அப்போதுதான் முதல் வாளியில் இருந்தது என்ன என்று புரிந்திருக்கும். பாவம், ஒன்றும் கேட்கவில்லை. என் மாமியார் கடைசியாகப் போனார். மஞ்சள் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு, பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து மகனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் மூக்கைத் தடவித் தடவி அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக என்னைத் திண்டிவனத்துக்கு அழைத்துவந்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். காலையில் முதல் பஸ் ஸ்டார்ட் ஆகும்போது வருகிற வாசனைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். என்ன பிறக்கும், எப்படிப் பிறக்கும் என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

தை பிறந்து, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கை கால் எல்லாம் இருந்தது, வீறிட்டு அழுதது. என் அம்மா வாங்கி உச்சி மோந்தாள். மாமியார் வந்து உச்சி மோந்தார். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மாகூட வந்து உச்சி மோந்துவிட்டுப் போனார். நான் மோக்கவில்லை. பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன், மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பிஞ்சு மண்டையிலிருந்து ராஜாவின் வாசனை வந்தால் நான் என்ன செய்வேன்? மற்றவர்களுக்குத் தெரிந்தாலும் என்னிடம் சொல்ல மாட்டார்கள். என் அம்மா மட்டும் கவனித்துவிட்டாள், "பெத்தவ மோந்து பாக்காத புள்ள எங்கியாவது உண்டாடி?" என்றாள். நான் அசதி என்றேன்.

சேதி கேட்டு அவர் வந்தார். ரன்வே வேலை அப்போதும் நடந்துகொண்டிருந்தது, வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு இன்னும் டிராக்டர் ஓட்டினார். தன்னால் கொட்டிய மண் தீரும்வரை விடமாட்டேன் என்று பிடிவாதம். குளித்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழந்தையைக் கையில் வாங்கினார். எல்லா அப்பன்களும் செய்வதைப் போலக் குனிந்து உச்சியில் மூக்கை வைத்தார். வைத்த மூக்கை எடுக்கவில்லை. பெருங்காயத்தை இழுத்த மாதிரியே இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். அவர் தோள் குலுங்கியது.

பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு புள்ள. இன்னா வாசன வருது?"

என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது? முதலில் என் மூக்கை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டேன். தரையில் பினாயில் வாசனை தெரிந்தது. அம்மா தலையில் நேற்றுப் பூ வாடிய வாசனை தெரிந்தது. அவர் சட்டையில் சோப்பு தெரிந்தது, சோப்புக்கு அடியில் அது கொஞ்சமாகத் தெரிந்தது. மூக்கு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

"பால் வாசன" என்றேன். "விளக்கெண்ண. கொஞ்சம் வேர்வ. எலவம் பஞ்ச வெயில்ல வெச்சி எட்தா வருமே, அந்த மாதிரி ஒண்ணு." அதற்கு மேல் எதுவும் இல்லை. இன்னொரு தடவை குனிந்து தேடினேன், இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது, குழந்தை மிரண்டு அழுதது.

அவர் அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.